கோப்பு நூற்றிப் பதினாலு

சத்தியம் செய்துதான் இந்தக் கதிரையில் இருக்கிறேன்.
மணிக்கு நாற்பத்திரண்டு டொலர்,
காதுகளுக்கு இரண்டு கறுப்புக் கிண்ணம்,
யன்னல் இல்லாத அறை.
வெளியே எக்ளிங்டன் வீதியில்
உப்பு லொறி பனியை அரைத்துக்கொண்டு போவது
பாதங்களுக்கு மட்டும் கேட்கிறது.

மற்றவர்களின் தமிழை ஆங்கிலமாக்குவது என் வேலை.
கடன் கேட்கிறவன், கெஞ்சுகிறவள்,
விபத்து நடக்க முன்னமே
விபத்துக்கு விலை பேசுகிறவன்.
சிரித்தால் சிரிப்பு என்று எழுத வேண்டும்.
இருமினால் இருமல்.

இந்தக் கோப்பில் முதலில் வந்தது இருமல்தான்.
எழுதினேன்.
எழுதின பிறகுதான் விரல் குளிர்ந்தது.
அந்த இருமலோடு பன்னிரண்டு வருசம்
ஒரே பாயில் படுத்திருக்கிறேன்.

வாகீசன்.

தெரிந்த குரல் என்றால் எழுந்து போய்விட வேண்டும்,
அதுவும் சத்தியத்தில் இருக்கிறது.
எழும்பவில்லை.

பதினொரு வருசமாய்க் கதை பேச்சில்லை.
என் கையெழுத்தை என்னைவிட வடிவாய்ப் போடுவான்.
அப்படிப் போட்டுத்தான் மார்க்கம் வீட்டை
இரண்டாந்தரமும் ஈடு வைத்தான்.
பெட்டிகளோடு நாங்கள் வெளியே நின்ற காலை
ஏற்றிப்போக வந்ததும் அவனுடைய லொறி.
நான் ஏறவில்லை.

இப்போது அவனிடம் ஒன்பது இழுவை லொறி.
நானூற்றியொன்றில் எங்கே கண்ணாடி நொறுங்கினாலும்
அம்புலன்ஸுக்கு முன்னம் அவன் ஆள் நிற்பான்.
போன மாதம் இரண்டு லொறி எரிந்தது.
அவனுடையது இல்லை.

"இது தமிழா?" என்று கேட்கிறார் டொனெலி.
எனக்கு முன்னம் இருந்தவர் கைவிட்ட இடம்:

ளைநா. ஜிரெ குக்ணக டிமு.

எனக்கு ஆறு வயது, அவனுக்கு எட்டு.
அப்பாவின் இடுப்புப் பட்டிக்குப் பயந்து
சொற்களை வாலில் பிடித்துத் தூக்கப் பழகினோம்.
உலகத்தில் இரண்டே பேருக்கு அந்த மொழி.
அதை எவனோ ஒருத்தனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.
எனக்கு முதலில் வந்தது பயமில்லை.
சொல்ல வெட்கம்தான்,
பொறாமை.

விளங்கவில்லை என்று விட்டுவிடலாம்.
அதற்கென்று ஒரு அடைப்புக்குறி இருக்கிறது,
ஒவ்வொரு நாளும் பாவிக்கிறேன்.
ஆனால் ரெஜியை எனக்குத் தெரியும்.
போன தையில், மைனஸ் இருபத்தெட்டில்,
செத்துக் கிடந்த என் காருக்கு வயர் கொழுவி
காசு வேண்டாம் என்று கையை ஆட்டினவர்.
பின் சீற்றில் இரண்டு பெட்டைகள்
ஒற்றைக் கையுறைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு முடி.
காசென்றால் காசு, ஆளென்றால் ஆள்,
தமிழ் அதைப்பற்றிக் கவலைப்படாது.
ஆங்கிலம் விடாது.
வாசலில் நின்று
எது என்று கேட்கும்.

சொன்னேன்:
ஆள். இன்றைக்கு.
நாளை என்று அவன் சொன்னது நேற்று.

டொனெலி ஓடின ஓட்டத்தில்
கதவு இரண்டுதரம் அடித்தது.
அவர் விட்டுப்போன கோப்பியில் ஆவி நின்றது.

பதிவில் பதினெட்டு விநாடி மிச்சம்.
மற்றவன் வைத்துவிட்டான்.
இவன் வைக்கவில்லை.
வைப்பர் உறைபனியைத் தேய்க்கிறது.
இருமல்.
பிறகு, ஆருக்கென்று இல்லாமல், மெல்ல:

பிம்த.

இதைக் கேட்க ஒருவன் இருப்பான் என்று தெரிந்திருந்ததா,
இல்லை, சும்மா,
தனியே இருக்கிறவன் வாயில் வருகிற சொல்லா?
மூன்றுதரம் திருப்பிக் கேட்டேன்.
தெளிவாய்த்தான் இருந்தது.

விளங்கவில்லை, என்று எழுதினேன்,
அடைப்புக்குறிக்குள்.

முழுமையானதும் உண்மையானதுமான மொழிபெயர்ப்பு
என்ற வரிக்குக் கீழே
கையெழுத்து வைத்தேன்.
வழமையைவிட வடிவாய் வந்திருந்தது,
அவன் போட்டது மாதிரி.